பதினொரு பெயர்களில் படித்தவன்

ஹம்டன் லேன்,
வெள்ளவத்தை.
06.03.2025

றொஹானுக்கு,

உங்கள் போனில் என் நம்பரை அடைத்து வைத்து இன்றோடு நாற்பது நாள். அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். கொழும்புக்குள்ளேயே, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கா என்று தபால் கந்தோரில் இருந்த பெண் சிரித்தாள். சமாதானம் பேச எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்த ஷெரோமி அக்கா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று எங்கள் கம்பனியில் தரவு ஆய்வாளர் வேலைக்கு நேர்முகம். சாம்பல் புதன் என்பதால் காலையில் கோயிலில் பூசிய சாம்பல் நெற்றியில் இருக்க, ஆட்சேர்ப்பு அதிகாரி என்ற பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் ஸாலிஹ், மருதானையில் போன் கடை. அடுத்தவள் றேணுகா, நுகேகொடை. இருவரிடமும் ஒன்லைன் கோர்ஸ் சான்றிதழ்கள் இருந்தன. கோர்ஸின் கடைசியில் செய்யும் செயற்திட்டமாக இருவரும் ஒரு கடையின் விற்பனையை அலசியிருந்தார்கள். ஸாலிஹ் போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் விற்பனை, றேணுகா பூக்கடை. இரண்டும் அவ்வளவு துப்புரவான வேலை. நான் உண்மையிலேயே அசந்துபோனேன்.

பிறகுதான் கவனித்தேன். இரண்டிலும் கிழமையில் ஒரு நாள் மட்டும் விற்பனை மேலே ஏறி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை.

"நுகேகொடையில ஏன் செவ்வாய்க்கிழமை பூ விக்குது?" என்று றேணுகாவிடம் கேட்டேன். "அது... டிமாண்ட் கூட மிஸ்" என்றாள். ஸாலிஹிடம் கேட்டேன். "செவ்வாக்கெழம எல்லாரும் கோல் எடுக்கிற தானே மிஸ்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் இரண்டு செயற்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இந்துக் கோயிலடி என்றால் வெள்ளியும் ஏறியிருக்கும். இதில் வெள்ளி படுத்துக் கிடக்கிறது. அந்தோனியாருக்குரிய செவ்வாயில் மட்டும் சனம் நெரிகிற கடைகள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில்தான் இருக்கின்றன. போன வருடம் ஒரு கொப்பியோடு அங்கே மூன்று கிழமை நின்றீர்கள். மெழுகுதிரிக் கடையில் எத்தனை விற்கிறது என்று எண்ணுகிறேன், படிப்புக்கு என்றீர்கள். பொருளை மாற்றியவருக்கு, ஊரை மாற்றியவருக்கு, நாளை மாற்றத் தோன்றவில்லை. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனுக்கு எங்கேயும் செவ்வாய் என்றால் கூட்டம்தான்.

அவர்களுக்குச் செய்து கொடுத்தது நீங்களா? ஓம் அல்லது இல்லை, ஒரு வரி போதும்.

ரொஷேல்


மேஃபீல்ட் வீதி,
கொட்டாஞ்சேனை.
10.03.2025

ரொஷேல்,

ஒரு வரி கேட்டாய். இல்லை.

தபால்காரர் என் பெயரைக் கூப்பிட்டபோது கீழ்வீட்டு மாக்ரெட் அன்ரி படியில் வந்து நின்றுவிட்டா. "லோயர் லெட்டரோ தம்பி?" என்று கேட்டா. எனக்கும் அதே பயம்தான். பிரித்துப் பார்த்தால் விவாகரத்து இல்லை, விசாரணை. இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறவள், சாப்பிட்டாயா என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமையை நான் குத்தகைக்கு எடுக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் கணினி தெரிந்தவன் நான் மட்டுமா? உன் கம்பனிக்கு ஆள் எடுக்கத் தெரியாவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய?

போனை அடைத்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். ஷெரோமி அக்காவின் பிறந்தநாளுக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் நீ சொன்னாய்: "ஒன்றரை வருஷமா படிக்கிற மனுஷன். ஒரு சேட்டிபிக்கற் காட்டுங்க பாப்பம்." கேக் வெட்டின கத்தி அக்காவின் கையில் அப்படியே நின்றது. எல்லாரும் தங்கள் தங்கள் பிளேட்டைப் பார்த்தார்கள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். நீ வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இனி வேலை விஷயத்தை எனக்கு எழுதாதே.

றொஹான்

பி.கு: அந்த இரண்டு பேரில் யாருக்குக் கூடுதலாகப் புள்ளி போட்டாய்? பூக்கடையில் மழை நாட்களைத் தனியாகப் பிரித்துக் காட்டிய பகுதியை யாராவது வாசித்தார்களா?


வெள்ளவத்தை.
13.03.2025

றொஹானுக்கு,

மழை நாட்களைப் பற்றி என் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. பொய் சொல்லக்கூடத் தெரியாத மனிதர் எப்படி இவ்வளவு நாள் என்னை ஏமாற்றினீர்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். நவம்பரில் நான் வேலைக்கு எடுத்த சுமன், அட்டன் பக்கத்துப் பையன், இங்கே வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கிறான். அவனுடைய செயற்திட்டம் ஒரு பேக்கரி. அட்டனில் செவ்வாய்க்கிழமை பாண் விற்றுத் தீர்கிறதாம்! அன்று நான் அதை வாசித்து, கீழே 'மிகச் சிறப்பு' என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

இதில் இன்னும் எரிச்சலான சங்கதி என்னவென்றால், அவன் நன்றாக வேலை செய்கிறான். கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டான். எங்கள் மாடியில் அவனைவிடக் கவனமான ஆள் இல்லை. உண்மையான சான்றிதழோடு வந்த இரண்டு பேர் வேலையில் சேர்ந்து மூன்றாம் மாதமே திணறுகிறார்கள். அப்படியென்றால் நான் இவ்வளவு காலமும் எதைப் பார்த்து ஆள் எடுத்தேன்?

சான்றிதழ் விதியைப் போட்டவளே நான்தான். ஒரு வேலைக்கு அறுநூறு விண்ணப்பம் வந்தது. இரண்டு ஒன்லைன் சான்றிதழாவது இல்லாதவர்களைக் கணினியே கழித்துவிடட்டும் என்றேன். எல்லாரும் கெட்டிக்காரி என்றார்கள். சம்பளமும் கூடியது.

31ஆம் திகதி சுமனை நிரந்தரமாக்கும் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு போட்டால் நானும் கள்ளி. போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். மூன்று பேரும் உங்கள் ஆட்கள், எடுத்தவள் உங்கள் மனைவி. நான் காசு வாங்கினேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உங்களால் என் வேலை போகப்போகிறது, றொஹான்.

எத்தனை பேர்? ஏன் செய்தீர்கள்? இந்த முறையாவது உண்மையை எழுதுங்கள்.

ரொஷேல்


கொட்டாஞ்சேனை.
18.03.2025

ரொஷேல்,

பதினொரு பேர். பதினெட்டு கோர்ஸ்.

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கோபமாக எழுதினால் சுலபமாக வருகிறது. உண்மையை எழுதத்தான் கை நகர மாட்டேன் என்கிறது.

டொலர் ஏறியதற்கு அடுத்த வருடம் கப்பல் ஏஜென்சியில் எங்கள் பகுதியை மூடினார்களே, அன்றிலிருந்து நான் படித்தது பொய்யில்லை. வகுப்பு இலவசம். வீடியோ பார்க்கலாம், பயிற்சி செய்யலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். கடைசியில் உன் பெயர் போட்ட காகிதம் வேண்டுமென்றால்தான் டொலரில் கட்ட வேண்டும். வேலையில்லாதவனுக்கு எந்த வங்கி கார்ட் தரும்? உன்னிடம் ஒரு தரம் கேட்டேன். "முதல்ல ஒரு கோர்ஸ முடியுங்க, பிறகு பாப்பம்" என்றாய். நான் அப்போது மூன்றை முடித்திருந்தேன். காகிதம் இல்லாமல் முடித்ததை உனக்கு எப்படிக் காட்டுவது? அதற்குப் பிறகு கேட்க வாய் வரவில்லை.

அப்போதுதான் சுமன் வந்தான். மாமா ஒருவர் கடன்பட்டு அவனுக்குக் கோர்ஸ் காசைக் கட்டியிருந்தார். எங்கள் சந்திச் சுப்பர்மார்க்கட்டில் அவனுக்கு இரண்டு ஷிப்ட் வேலை, படிக்க நேரமில்லை, தவணை முடிய ஆறு நாள். "காசு வீணாப் போயிரும் அண்ணே" என்று நின்றான். காசு அவனிடம் இருந்தது, நேரம் என்னிடம் இருந்தது. செய்து கொடுத்தேன். அவன் சொல்லி மற்றவர்கள் காசோடு வந்தார்கள். நேர்முகத்துக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் காலை முழுதும் இந்த மேசையில்தான் இருந்தேன். வேறொருவன் பெயரைத் தட்டி உள்ளே போவேன். பரீட்சை எழுதுவேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வரும். "வாழ்த்துக்கள் றேணுகா" என்று திரையில் விழும். அதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் சந்தோஷம் வரும், ரொஷேல். பிறகு எழுந்து போய் முகம் கழுவுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஆகஸ்ட் மாதம் உன் கம்பனிக்கு நானும் விண்ணப்பித்தேன். உனக்குச் சொல்லவில்லை, என் திறமையில் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். சான்றிதழ் இல்லை, ஆனால் இன்னின்ன வேலை தெரியும், கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அனுப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை. வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அடியில் உன் பெயர்.

அன்று பின்னேரம் நீ வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாய். பாண் என்றேன்.

உன் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் பிறந்தநாள் வீட்டில் சான்றிதழ் கேட்டவளும் நீதான் என்றபோது எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

றொஹான்


வெள்ளவத்தை.
21.03.2025

றொஹானுக்கு,

தேடிப் பார்த்தேன். ஆகஸ்ட் 21, காலை பத்து பதினேழு. உங்கள் விண்ணப்பம் வந்ததும் அந்த நிமிடத்தில், கழிக்கப்பட்டதும் அதே நிமிடத்தில். நான் வாசிக்கவில்லை. யாருமே வாசிக்கவில்லை. இன்று வாசித்தேன். நேற்றுவரை நான் நேர்முகம் கண்டவர்களில் ஒருவராவது அப்படி எழுதியதில்லை.

எனக்கு உங்கள் மேல் உள்ள கோபம் போகவில்லை. நீங்கள் செய்தது பிழை. உண்மையாக இரவு பகல் படித்து, சீட்டுக் காசெடுத்துக் கட்டியவர்களும் அந்த அறுநூறு பேரில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய இடத்தை நீங்கள் விற்றீர்கள். ஆனால் கோபத்தோடு இப்போது வெட்கமும் சேர்ந்துவிட்டது. கந்தோரில் யாராவது "உங்கட சிஸ்டம் நல்லா வேலை செய்யுது மிஸ்" என்றால் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுகிறேன்.

வருகிற புதன்கிழமை பொது மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். சுமனைக் கூப்பிட்டு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் முடியாது. சொன்னால் நம் துறையில் இனி எந்த இடத்திலும் உங்களை எடுக்கமாட்டார்கள். ஆட்சேர்ப்பு ஆட்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் கதைப்போம். யோசித்துவிட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ரொஷேல்


கொட்டாஞ்சேனை.
24.03.2025

ரொஷேல்,

தபாலை நம்பாமல் இதைச் சுமனிடம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருக்கும் மற்றக் கடிதம் உன் மேலாளருக்கு. நீ சொல்வதைவிட நானே சொல்வது நல்லது. உனக்காக அதைக் கீழேயும் எழுதிவிடுகிறேன்.

"பொது மேலாளர் அவர்களுக்கு,
கொட்டாஞ்சேனை, மேஃபீல்ட் வீதியில் வசிக்கும் றொஹான் அன்ரனி சவுந்தரநாயகம் எழுதுவது. கடந்த ஒன்றரை வருடத்தில் பதினொரு பேருக்காக, அவர்கள் பெயரில், பதினெட்டு ஒன்லைன் பாடநெறிகளை நான் முடித்துக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கினேன். பிழை என்று தெரிந்தே செய்தேன். உங்கள் நிறுவனத்துக்கு வந்த மூன்று செயற்திட்டங்கள் என்னுடையவை. அவற்றை ஏற்ற அதிகாரி ஏமாற்றப்பட்டார். அவருக்கு இதில் பங்கு இல்லை. பாடநெறிகளின் பெயர்களும் நான் பெற்ற புள்ளிகளும் பின்பக்கத்தில் உள்ளன. மற்ற எட்டுப் பேரின் பெயரைத் தரமாட்டேன். சந்தேகம் இருந்தால் இவற்றில் எந்தப் பாடத்திலும் என்னை நேரில் கேள்வி கேட்கலாம்."

நான் உன் புருஷன் என்று அவரிடம் சொல்லாதே. யாரோ ஒருவன் என்று இருக்கட்டும்.

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கப்பல் ஏஜென்சியை விட்டபிறகு என் சொந்தப் பெயரில் யாராவது வாசிக்கப்போகும் முதல் காகிதம் இது. சுமன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் உள்ள வந்து சொல்லிர்றேன் அண்ணே, நீங்க மட்டும் எழுதுனா எப்புடி?" என்றான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கிறானில்லை.

றொஹான்


வெள்ளவத்தை.
29.03.2025

றொஹானுக்கு,

முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தமிழ் வாசிக்கத் தெரியாத மேலாளர் உங்கள் கடிதத்தை மொழிபெயர்க்கச் சொல்லி, முழுதும் கேட்டார். பின்பக்கத்தைத் தானே பார்த்தார். புள்ளிகள் இலக்கம்தானே, அதற்கு மொழி தேவையில்லை. ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டு போனார். நிமிர்ந்து, சிங்களத்தில் "மே மனுஸ்ஸயா கவ்த?" என்றார், யார் இந்த ஆள் என்று. நீங்கள் சொன்னபடி பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். "மகே மஹத்தயா" என்று வாயில் வந்துவிட்டது. என் கணவர் என்று சொன்னதும் அழுகையும் வந்தது. எனக்கு என்மேலேயே ஆத்திரம்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறார்கள். வேலை போகவில்லை. சுமனும் தானாக வந்து சொன்னான். இன்னும் ஆறு மாதம் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்களாம். ஸாலிஹையும் றேணுகாவையும் எடுக்கவில்லை. சான்றிதழ் விதியை நிறுத்திவிட்டோம். இனி விண்ணப்பிப்பவர்களைக் கூப்பிட்டு, எங்கள் முன்னால் இரண்டு மணித்தியாலம் வேலை கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு.

அந்தச் சோதனைகளைத் தயாரிக்க ஆள் வேண்டும். எங்கே எப்படி ஏமாற்றலாம் என்று தெரிந்த ஆளே அதற்குச் சரி என்கிறார் மேலாளர். உங்களைத்தான் சொல்கிறார். ஆறு மாத ஒப்பந்தம். கப்பல் ஏஜென்சியில் எடுத்த சம்பளத்தைவிடக் கூட. ஆனால் வாடிக்கையாளர்களுக்குத் தெரியக்கூடாதாம். நீங்கள் கந்தோருக்கு வரக்கூடாது. கேள்விகள் சிங்கப்பூரில் உள்ள ஒரு ஆலோசனைக் கம்பனியின் பெயரில்தான் போகும். "அவருக்கும் அது பாதுகாப்பு" என்று என்னிடம் சொன்னார்கள்.

ஒப்பந்தத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெயர் வரவேண்டிய இடத்தில் 'வெளி ஆலோசகர்' என்று அடித்திருக்கிறார்கள். இது ஆட்சேர்ப்பு அதிகாரி எழுதும் கடிதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியாக எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. வாடகை கட்ட வேண்டும், வீட்டில் ஒழுங்காக அடுப்பு எரிய வேண்டும் என்று நினைக்கிறேன். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்க்கிறேன், மனம் ஒப்பவில்லை.

ரொஷேல்


கொட்டாஞ்சேனை.
02.04.2025

ரொஷேல்,

ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. மாக்ரெட் அன்ரி வாடகையைக் கேட்காமல் கேட்கிற விதம் உனக்குத் தெரியும். ஆனால் பதினொரு பேர் பெயரில் எழுதியாகிவிட்டது. இந்தச் சிங்கப்பூர்க் கம்பனி பன்னிரண்டாவது ஆள். அவ்வளவுதான் வித்தியாசம். முன்பு கள்ளமாகச் செய்தேன், இப்போது முத்திரை குத்திச் செய்யச் சொல்கிறார்கள்.

செய்த பிழைக்குத் தண்டனை வேண்டுமென்றால் தரட்டும். வேலையே தராமல் விடட்டும், அது நியாயம். வேலையை எடுத்துக்கொண்டு ஆளை ஒளித்துவைப்பது தண்டனையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நான் அதைச் செய்தால் பிறகு கண்ணாடியில்கூட என்னை நானே பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.

பொரளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஸ்டொக் பார்க்க ஆள் கேட்கிறார்கள். சம்பளம் உன் சம்பளத்தில் கால்வாசிகூட வராது. நாளை மறுநாள் போய்ப் பார்க்கப்போகிறேன். இதைக் கேட்டு நீ இன்னும் தூரமாகப் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் எழுதிவிட்டேன்.

றொஹான்


05.04.2025
சனிக்கிழமை

றொஹான்,

இதற்கு முத்திரை இல்லை. உங்கள் மேசையிலேயே இருந்து எழுதுகிறேன். என்னிடமிருந்த திறப்பால் வாசற்பூட்டு இன்னும் திறக்கிறது. நீங்கள் எங்கேயோ போயிருக்கிறீர்கள். வந்ததும் நேரே கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே சண்டை வந்துவிடும், அதனால் முதலில் இதை வாசியுங்கள்.

நீங்கள் திருப்பி அனுப்பிய ஒப்பந்தம் நேற்றுக் கிடைத்தது. கந்தோரில் என் மேசையில் வைத்து, 'வெளி ஆலோசகர்' என்பதை வெட்டினேன். அதற்கு மேல் என் பேனையால் றொஹான் அன்ரனி சவுந்தரநாயகம் என்று எழுதினேன். பக்கத்தில், திருத்தியவர் என்று என் கையெழுத்தைப் போட்டேன். அதை மேலாளரிடம் கொண்டுபோய், "இந்தப் பெயரோட எடுங்க, இல்லாட்டி விட்டுருங்க சேர். பெயரில்லாத ஆளுக்கு நான் கடிதம் குடுக்க மாட்டன்" என்றேன். சிங்களத்தில் சொல்லத்தான் நினைத்திருந்தேன், பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

"பலமு" என்றார். பார்ப்போம் என்றுதானே அர்த்தம். மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் போகும்போது என் மேசை அங்கே இருக்குமா என்றும் தெரியாது. இல்லாமல் போனால் ஹாட்வெயார் கடைச் சம்பளத்தில் இரண்டு பேர் எப்படி இருப்பது என்று யோசிப்போம்.

அக்கா பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனாள். உடுப்புப் பெட்டி அறையில் இருக்கிறது, தடுக்கி விழாதீர்கள். வாசித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் குசினியில், அடுப்படியில் இருக்கிறேன்.

ரொஷேல்